சத்திரவைத்திய வித்தகர் ஹாவி குஷிங்

மனித உடம்பின் உறுப்புக்கள் யாவற்றுக்கும் தலைமை பூண்டு விளங்குவது மூளை. அதனை இயற்கை எலும்புப் பேழை ஒன்றினுள் பத்திரமாக வைத்துப் பூட்டியிருக்கின்றது. வெளியிலிருந்து வரும் ஊறுகளுக்கு இப்பேழை நல்ல காவல். ஆனால் பேழைக்குள்ளேயே ஒரு கட்டி தோன்றிவிட்டால் அக்காவலே சிறையாகி விடுகின்றது. வயிற்றில் வளரும் கட்டி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வளரலாம். தலையோட்டினுள் வளரும் கட்டிக்கோ மூளையை நெரிப்பதன்றி வேறு வழியில்லை. தீராத தலைவலி, வாந்தி, கண்ணொளி மங்குதல், மயக்கம், ஈற்றில் மரணம். 19ஆம் நூற்றாண்டு முடியுமட்டும் இந்நோய் கண்டாருக்கு விதிக்கப்பட்ட வழி இதுவே. 1884ஆம் ஆண்டில் இலண்டனில் ரிக்மன் கொட்லீ என்னும் வைத்தியர், வெளியே யாதோர் அடையாளமும் காணப்படாத மூளைக் கட்டி ஒன்றை, நோயாளியின் குறிகளைக்கொண்டே இடமறிந்து வெட்டி எடுத்தார். உலகம் வியந்தது. ஆயினும் அந்நோயாளி ஒரு மாதத்துக்குள் கிருமித் தொற்றினால் இறந்துபோனார்.

இத்தகைய நம்பிக்கையற்ற துறையை மனிதர் துணிந்து கால் வைக்கக்கூடிய துறையாக மாற்றியவர் அமெரிக்க வைத்தியர் ஹாவி குஷிங். அவருடைய கைத்திறனை வியந்து பேசுவோர் பலர். அதில் தவறில்லை. ஆனால் அவரது சரித்திரத்தைப் படிக்குந்தோறும் எமக்குப் பெரிதாகத் தோன்றுவது அவருடைய குறிப்பேடே. பிழைத்தவரை எழுதிய அதே மையினால் இறந்தவரையும் எழுதி வைத்த குறிப்பேடு அது. அவருடைய கதையை அவ்வழியே சொல்ல முயல்கின்றோம்.

குஷிங் 1869ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 8ஆந் திகதி ஓகையோ மாகாணத்துக் கிளீவ்லாந்து நகரில், பத்துப் பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தை, பாட்டன், முப்பாட்டன் மூவரும் வைத்தியர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் கற்ற காலத்தில் பந்தாட்டத்தில் பெருவிருப்பங் கொண்டு திரிந்தவர், 1891ஆம் ஆண்டு பட்டம் பெற்றபின் ஹாவாட் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார்.

அங்கே 1893ஆம் ஆண்டிலே ஒரு சம்பவம் நிகழ்ந்தது. அக்காலத்தில் சத்திரசிகிச்சைக்குமுன் நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்குவது மாணாக்கரின் வேலையாக இருந்தது. அதற்கெனத் தனிப் பயிற்சி ஏதுமில்லை. பஞ்சில் ஈதரை ஊற்றி மூக்கில் வை என்பதே பாடம். குடலிறக்கத்தினால் வருந்திய ஒரு நோயாளிக்கு ஈதர் கொடுக்கும்படி குஷிங் பணிக்கப்பட்டார். அவர் கையில் அந்நோயாளி இறந்தார். அன்று அங்கிருந்த பெரியவர்கள் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. இப்படி நடப்பதுண்டு என்று விட்டுவிட்டார்கள். இளைஞராகிய குஷிங்கினால் அப்படி விட முடியவில்லை. வைத்தியக் கல்வியையே துறந்துவிடலாமா என்று கலங்கினார்.

துறக்கவில்லை. அவரும் உடன் மாணாக்கரான அமோரி கொட்மன் என்பவரும் சேர்ந்து, மயக்கமருந்து கொடுக்கப்படும் நேரமெல்லாம் நோயாளியின் நாடித் துடிப்பையும் சுவாசத்தையும் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை கடதாசியில் குறிக்கத் தொடங்கினார்கள். நோயாளி எப்போது ஆபத்தை அண்டுகிறார் என்பது அக்கோடுகளிலே தெரிந்தது. இன்று உலகிலுள்ள எந்தச் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் இத்தகைய பதிவின்றி மயக்கமருந்து கொடுப்பாரில்லை. இரு மாணாக்கர் ஒரு மரணத்தை மறக்க மாட்டாமையினாலே தோன்றிய வழக்கம் அது.

1895ஆம் ஆண்டு வைத்தியராக வெளிவந்த குஷிங், மறு வருடம் பல்ரிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் சேர்ந்தார். அங்கே இருவர் அவரை உருவாக்கினர். ஒருவர் சத்திரவைத்தியப் பேராசிரியர் ஹால்ஸ்ரெட். வேகமாக வெட்டுபவனே சிறந்த சத்திரவைத்தியன் என்று எண்ணப்பட்ட காலத்தில், மெதுவாகவும் மென்மையாகவும், ஒரு துளி இரத்தமும் வீணாகாமலும் வெட்ட வேண்டும் என்று கற்பித்தவர் ஹால்ஸ்ரெட். மற்றவர் வில்லியம் ஒஸ்லர்; வைத்தியத்தையும் நூல்களையும் நோயாளிகளையும் ஒருங்கே நேசித்தவர். குஷிங் அவரது அடுத்த வீட்டிலேயே குடியிருந்து, அவருடைய நூல்நிலையத்தில் வீட்டுப்பிள்ளைபோல் புழங்கினார்.

1900ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்ற குஷிங், பேர்ண் நகரில் கோக்கர் என்னும் பேராசிரியரிடம் தங்கி, தலையோட்டினுள் அழுத்தம் ஏறும்போது உடம்பில் யாது நிகழ்கின்றது என ஆராய்ந்தார். உள்ளே அழுத்தம் மிக மிக, மூளைக்கு இரத்தத்தைச் செலுத்தும் பொருட்டு உடம்பின் இரத்த அழுத்தமும் அதனைத் துரத்திக்கொண்டு ஏறும் என்று கண்டார். தலையில் அடிபட்டவர் ஒருவரின் இரத்த அழுத்தம் ஏறி நாடி தளர்ந்தால் வைத்தியர்கள் இன்றும் அஞ்சுவது இதனாலேயே. திரும்பும் வழியில் இத்தாலியின் பாவியா நகரில், ரிவா ரொச்சி என்பவர் கையிற் கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியொன்றைப் பயன்படுத்தக் கண்டு, அதன் மாதிரியை 1901ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். முன்பு நாடியையும் மூச்சையும் மட்டும் குறித்த கடதாசியில் மூன்றாவது கோடு ஒன்றும் ஏறியது.

இனி அவர் மூளைச் சத்திரசிகிச்சையிற் புகுந்த கதைக்கு வருவோம். வெற்றியோடு புகுந்தார் என்று எண்ணுவோர் ஏமாறுவர். 1901ஆம் ஆண்டில் பார்வை மங்கி, உடல் பருத்து, பருவ வளர்ச்சி குன்றிய சிறுமி ஒருத்தி அவரிடம் வந்தாள். மூளையில் எங்கோ கட்டியிருக்கின்றது என்பது தெரிந்தது. எங்கே என்பது தெரியவில்லை. மூன்று முறை தலையோட்டைத் திறந்து தேடினார். அகப்படவில்லை. சிறுமி இறந்தாள். இறந்தபின் பரிசோதித்தபோது, மூளையின் அடித்தளத்தில், கபச்சுரப்பி இருக்கும் இடத்தில் கட்டி இருந்தது. அதே காலத்தில் வியன்னா நகரில் பிரோலிக் என்னும் வைத்தியர் இத்தகைய நோயாளியொருவரைப் பற்றி எழுதி, உடல் பருத்தலும் வளர்ச்சி குன்றுதலும் பார்வை மங்குதலும் ஒருங்கே காணப்படின் கபச்சுரப்பியை நோக்குக என்று கூறியிருந்தார். விடை குஷிங்கின் கண்முன்னே இருந்தது, அவர் காணவில்லை. இத் தவற்றை அவர் மறைக்கவில்லை. சிறுமியின் வரலாற்றை 1906ஆம் ஆண்டு தாமே எழுதி வெளியிட்டார்.

கபச்சுரப்பி என்பது ஒரு கடலையளவான சிறு சுரப்பி. இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் அதன் மேலாகத்தான் குறுக்கிட்டுச் செல்கின்றன. ஆகவே சுரப்பியிற் கட்டி வளர்ந்தால் அந்நரம்புகளை நெரிக்கும். நோயாளி நேரே நோக்குங்கால் இரு பக்கமும் இருண்டுபோகும். வண்டிக் குதிரைக்குக் கண்ணோரத்தில் மறைப்புக் கட்டியது போலிருக்கும். ஊடுகதிர்ப் படத்தில் மூளையின் மென்பாகங்கள் தெரியாத அந்நாளில், நோயாளியின் பார்வை எல்லையைப் பொறுமையாக அளந்து வரைந்தே கட்டியின் இடத்தைக் குஷிங் நிர்ணயித்தார். கட்டியானது சுரப்பியின் நீரை மிகுதியாகச் சுரக்கச் செய்யின், வளர்ச்சி முடிந்த மனிதருக்கும் கையும் காலும் தாடையும் பெருக்கத் தொடங்கும். மோதிரம் விரலில் ஏறாது. தொப்பி தலையிற் பொருந்தாது. அத்தகைய ஒரு விவசாயிக்கு 1909ஆம் ஆண்டில் குஷிங் கட்டியின் ஒரு பகுதியை வெட்டி நீக்க, நோயின் குறிகள் தணிந்தன. சுரப்பியொன்று மிகுதியாகச் சுரப்பதால் ஒரு நோய் உண்டாகும், அதைக் குறைத்தால் நோயும் குறையும் என்பதற்கு அது கண்கூடான சான்றாயிற்று. 1912ஆம் ஆண்டு கபச்சுரப்பியும் அதன் நோய்களும் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

அச் சுரப்பியை அடைய அவர் கைக்கொண்ட வழி விசித்திரமானது. மேலுதட்டின் உட்புறத்தே கீறி, மூக்கின் நடுச்சுவர் வழியாகப் பின்சென்று, மண்டையின் அடித்தளத்தை உள்ளிருந்தே திறப்பது. முகத்தில் தழும்பில்லை, மூளையையும் தொடவேண்டியதில்லை. 1910ஆம் ஆண்டு தொடக்கம் 1925ஆம் ஆண்டு வரை 231 நோயாளிகளுக்கு இவ்வழியிற் சிகிச்சை செய்தார். நூற்றுக்கு 5.6 பேரே இறந்தனர். பின்னர் அவரே இவ்வழியைக் கைவிட்டு நெற்றிப்புறமாகத் திறக்கலானார். ஆசிரியர் கைவிட்டதும் உலகமும் கைவிட்டது. ஆனால் அவரிடம் பயின்ற எடின்பரோ வைத்தியர் நோர்மன் டொட் மட்டும் அதனைக் காத்து வந்தார். டொட்டிடம் கண்டு பிரான்சிய வைத்தியர் கியோவும், கியோவிடம் பயின்று கனடா வைத்தியர் ஜூல் ஹாடியும் அதனை மேற்கொண்டனர். ஹாடி 1960ஆம் ஆண்டுகளில் உருப்பெருக்கி ஒன்றை அதனோடு சேர்த்தார். கபச்சுரப்பிக் கட்டிகளுட் பெரும்பாலானவை இன்று மூக்கின் வழியாகவே நீக்கப்படுகின்றன. குரு மறந்த வித்தையைச் சீடன் காத்த கதைகள் எம்மவருக்குப் புதியனவல்ல.

1910ஆம் ஆண்டிலே லெனாட் வூட் என்னும் படைத்தளபதி குஷிங்கை நாடி வந்தார். மூளையின் மேலுறையிற் கட்டி. இடக்காலும் கையும் வலித்து இழுத்துக்கொண்டிருந்தன. ஒரே நாளில் முடிக்கத் துணியாமல், இரு முறையாகத் திறந்து குஷிங் கட்டியை நீக்கினார். வூட் பின்னர் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கினார். 1920ஆம் ஆண்டு ஜனாதிபதி பதவிக்கும் போட்டியிட முயன்றார். அதன்பின் பிலிப்பைன்ஸ் தீவுகளின் தேசாதிபதியாகவும் இருந்தார். மூளையைத் திறந்தால் மனிதன் பயனற்றுப் போவான் என்று கூறியவர்களுக்கு வூட் நடமாடும் மறுப்பாக இருந்தார்.

1912ஆம் ஆண்டு குஷிங் பொஸ்ரன் நகருக்குச் சென்றார். பீற்றர் பென்ற் பிரிகம் வைத்தியசாலையில் இருபது ஆண்டு பணியாற்றினார். அவர் வேலை செய்த விதத்தைச் சிறிது சொல்ல வேண்டும். ஒரு கட்டிக்கு ஐந்து மணி, ஆறு மணி நேரமும் செல்லும். மூளையிலிருந்து கசியும் இரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடு. நூலாற் கட்ட முடியாத சிறு நாளங்களை இறுக்குவதற்கு வெள்ளியினாற் சிறு கவ்விகள் செய்து 1911ஆம் ஆண்டு வெளியிட்டார். கட்டி எடுத்தபின் தையலையும் தலைக்கட்டையும் தாமே போடுவார். பிறகு அமர்ந்து, தாம் கண்டதைப் படமாக வரைந்து, நடந்ததை எழுதுவார். நோயாளி வீடு சென்ற பின்னும் விட மாட்டார். ஆண்டுகள் கழிந்தும் கடிதம் எழுதி நலம் விசாரித்து விடையைக் கோவையிற் சேர்ப்பார். இறந்துவிட்டாரெனின் மூளையைப் பரிசோதிக்க உறவினரிடம் அனுமதி கேட்பார்.

உதவியாளர்களுக்கு அவர் எளிய மனிதரல்லர். சிறு பிழைக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே கடுஞ்சொல் வரும். தாதிமார் அழுதுகொண்டு போனதுண்டு. மனைவி மக்களோடு கழித்த பொழுதும் சொற்பமே. பெரியோர் சரித்திரம் எழுதுவோர் இவற்றை விட்டுவிடுவது வழக்கம். நாம் விட விரும்பவில்லை.

முதல் உலகப் போரில், 1917ஆம் ஆண்டு, பிரான்சின் போர்க்களத்தில் மூளையிற் குண்டுபட்ட வீரரைக் காக்கச் சென்றார். இரவு பகலாக உழைத்த அக்காலத்தில் ஒரு நாள், குண்டடிபட்ட இளம் அதிகாரி ஒருவரைக் காணும்படி அவருக்கு அழைப்பு வந்தது. அவ்விளைஞர் அவருடைய ஆசான் ஒஸ்லரின் ஒரே மகன் ரெவெயர். வைத்தியர் பலர் கூடியும் காக்க முடியவில்லை. அடக்கத்தின்போது குஷிங் உடன் நின்றார். 1919ஆம் ஆண்டு ஒஸ்லரும் மறைந்தார். அவ்வம்மையாரின் வேண்டுகோளின்படி ஆசானின் சரித்திரத்தை எழுதப் புகுந்து, 1925ஆம் ஆண்டு இரு பெரும் பாகங்களாக வெளியிட்டார்.

செவி நரம்பிற் தோன்றும் கட்டி பற்றிய அவரது நூல் 1917ஆம் ஆண்டில் வந்தது. ஒரு காது செவிடாதல், பிறகு நடை தள்ளாடுதல், பிறகு முகம் மரத்தல், ஈற்றில் பார்வை போதல் என்று குறிகள் வரும் ஒழுங்கையே கொண்டு, கட்டியை இனங்காணும் விதத்தை அதில் விளக்கினார். அக் கட்டியைச் சிகிச்சை செய்வோர் கையில் நோயாளிகள் பெருந்தொகையாய் இறந்த காலம் அது. குஷிங் கட்டியின் மேலோட்டை விட்டுவைத்து உள்ளீட்டை மட்டும் தோண்டி எடுத்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் விட்ட ஓட்டிலிருந்து கட்டி மீண்டும் வளர்வதுண்டு. அவரிடம் ஹொப்கின்ஸில் பயின்ற வால்ரர் டான்டி என்பவர், ஓட்டையும் சேர்த்து முழுவதையும் எடுக்கலாம் என்று 1922ஆம் ஆண்டு அறிவித்தார். அதற்கு முன்பே, 1918ஆம் ஆண்டில், மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி ஊடுகதிர்ப் படம் பிடித்தால் கட்டியின் இடம் தெரியும் என்றும் டான்டி காட்டியிருந்தார். குஷிங் இரண்டையும் மனமுவந்து ஏற்கவில்லை. இருவருக்குமிடையே கசப்பு வளர்ந்து வாழ்நாள் முழுவதும் தீரவில்லை. படத்தை நம்பி இளம் வைத்தியர்கள் நோயாளியைப் பரிசோதிக்க மறந்துவிடுவார்கள் என்ற குஷிங்கின் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் காலம் டான்டியின் பக்கமே நின்றது என்பதே எமது எண்ணம். தலையைத் திறக்காமலே உள்ளே காட்டும் இன்றைய கருவிகள் டான்டி தொடங்கிய பாதையில் வந்தவையே.

லூயிஸ் ஐசன்ஹாட் என்னும் பெண்மணியைச் சொல்லாமல் குஷிங்கின் குறிப்பேட்டைப்பற்றிப் பேசலாகாது. 1915ஆம் ஆண்டு அவருடைய நூல் வேலைக்கு உதவியாக வந்து சேர்ந்தவர், எழுதிய விஷயம் மனத்தைப் பற்ற, தாமே வைத்தியம் கற்று 1925ஆம் ஆண்டு பட்டமும் பெற்று, குஷிங்கிடமே திரும்பினார். வெட்டிய கட்டியின் துண்டை அங்கேயே உருப்பெருக்கியில் நோக்கி, இன்ன வகை என்று கூறுவதும், ஒவ்வொரு நோயாளியின் முடிவையும் பேரேட்டில் ஏற்றுவதும் அவர் பணியாயின. இப்பேரேட்டிலிருந்தே கட்டிகளின் வகைப்பாடு பிறந்தது. மூளையுறையில் எழும் கட்டிக்கு மெனிஞ்சியோமா என்னும் பெயரைக் குஷிங் 1922ஆம் ஆண்டில் இட்டார். மூளைக்குள்ளேயே தோன்றும் கிளியோமாக் கட்டிகளை 1926ஆம் ஆண்டில் பெய்லி என்பவரோடு சேர்ந்து பிரித்து வகுத்தார். எந்த வகைக் கட்டியுடையோர் எத்தனை மாதம், எத்தனை ஆண்டு வாழ்ந்தனர் என்று காட்ட முடிந்தது. நோயாளிக்கு உண்மையைக் கூறவும் வழி பிறந்தது.

அந்த 1926ஆம் ஆண்டு குஷிங்கின் வாழ்வில் மறக்கொணாதது. ஒஸ்லர் சரித்திரத்துக்கு மே மாதத்தில் புலிற்சர் பரிசு கிடைத்தது. அடுத்த மாதம் அவரது மூத்த மகன் வில்லியம் மோட்டார் விபத்தில் மாண்டான். செய்தி ஒரு காலைப்பொழுதில் வந்தது. மனைவிக்குத் தெரிவித்துவிட்டு, அன்று தமக்காகக் காத்திருந்த நோயாளிக்குச் சிகிச்சை செய்யச் சென்றார். இதனைக் கல்நெஞ்சு என்போரும் கடமை என்போரும் உளர். அன்றைய பொழுதைக் கடக்க அவர் வேறு வழி அறிந்திருக்கவில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது.

அவ்வருட ஒக்டோபர் மாதம் 1ஆந் திகதி, தலையோட்டிற் கட்டியுடைய ஒருவர் மீண்டும் மேசையிற் கிடத்தப்பட்டார். சில நாட்களுக்குமுன் திறந்து, இரத்தம் பெருகவே பாதியில் மூடப்பட்டவர் அவர். இம்முறை போவி என்னும் பௌதிக அறிஞர் தாம் செய்த மின்சாரக் கருவியோடு வந்திருந்தார். மின்னோட்டம் பாய்ந்த முனை பட்ட இடமெல்லாம் இழையம் அறுந்ததோடு நாளமும் அடைபட்டது. கூடத்தில் ஒரே பரபரப்பு. இரத்தம் கொடுக்க வந்திருந்த மாணாக்கன் மயங்கி ஆசனத்திலிருந்து விழுந்தான். கட்டி முழுவதும் வந்தது. அதன்பின் குஷிங் செய்ததை நோக்குக: தம் பழைய ஏடுகளைத் திறந்து, இது வெட்டத்தகாதது என்று முன்னர் மூடியனுப்பிய நோயாளிகளைத் தேடி மீண்டும் அழைத்தார். அவருட் பலருக்குக் கட்டி நீக்கப்பட்டது. தோல்விகளை எழுதி வையாதவர் யாரை அழைத்திருப்பார்?

எல்லாம் வெற்றியாகவும் இல்லை. வூட் தளபதிக்குக் கட்டி மீண்டும் வளர்ந்தது. 1927ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து குஷிங்கிடமே தலையைக் கொடுத்தார். நீண்ட நேரம் சிகிச்சை நடந்தது. முடிந்தபின் உள்ளே இரத்தம் பெருகி, 7ஆந் திகதி வூட் இறந்தார். குஷிங் பெருந்துயருற்றார். அம்மரணமும் ஏட்டில் ஏறியது.

1931ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந் திகதி, பரிசோதித்து உறுதி செய்யப்பட்ட 2000ஆவது மூளைக் கட்டியை அவர் நீக்கினார். அவர் தொடங்கிய நாளில் இச்சிகிச்சைக்கு ஆளானோரில் மூவருக்கு ஒருவருக்கு மேல் இறந்தனர். அவரது கடைசி ஆண்டுகளில் பத்துப் பேருக்கு ஒருவர்கூட இறக்கவில்லை. மறு வருடம் அந்த 2000 பேரின் முடிவையும், இறந்தோர் விகிதத்துடன், நூலாக வெளியிட்டார். அதே 1932ஆம் ஆண்டிலேதான், முகமும் உடலும் பருத்து, தோல் மெலிந்து கீறலிட்டு, இரத்த அழுத்தம் ஏறி, எலும்பு நொய்ந்துபோன பன்னிருவரின் வரலாற்றைத் தொகுத்து, இதற்கெல்லாம் மூலம் கபச்சுரப்பியிலுள்ள மிகச் சிறு கட்டியாயிருக்கலாம் என்று கூறினார். அவருட் கூறப்பட்ட ஓர் இளம்பெண்ணை அவர் முதலிற் கண்டது 1910ஆம் ஆண்டில். விளங்காத நோயொன்றை இருபத்திரண்டு ஆண்டு மனத்திற் சுமந்திருக்கிறார். அந்நோய்க்கு இன்று குஷிங் நோய் என்றே பெயர்.

அவ்வாண்டே பொஸ்ரனில் ஓய்வு பெற்று, அடுத்த ஆண்டு தாம் கற்ற யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகத் திரும்பினார். புகையிலைப் பழக்கத்தினால் கால் நாளங்கள் அடைபட்டு நடப்பதே துன்பமாயிருந்தது. ஐசன்ஹாட்டும் பேரேடுகளோடும் சாடிகளோடும் அங்கே வந்து சேர்ந்தார். இருவரும் எழுதிய மெனிஞ்சியோமா நூல் 1938ஆம் ஆண்டு வெளியாயிற்று. 1939ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆந் திகதி குஷிங் இருதய நோயால் மறைந்தார். அவர் பிறரிடம் கேட்டு வந்த பரிசோதனை அவருக்கும் செய்யப்பட்டது. மூளையின் மூன்றாவது அறையினுள், ஒரு சென்ரிமீற்றர் அளவான சிறு கட்டி ஒன்று, எவருமறியாமல் இருந்தது.

அவர் சேகரித்த மூளைகளும், நோயாளிகளின் ஆயிரக்கணக்கான கண்ணாடிப் புகைப்படத் தகடுகளும் பின்னர் யேலில் மாணாக்கர் விடுதியொன்றின் நிலவறையில் நெடுங்காலம் தூசி படிந்து கிடந்தன. மாணாக்கர் இரவிற் களவாகச் சென்று பார்ப்பார்களாம். 2010ஆம் ஆண்டில் அவை துடைத்துச் சீராக்கப்பட்டு, வைத்திய நூல்நிலையத்தின் கீழே அவருக்கெனக் கட்டிய மண்டபத்தில் வரிசையாக வைக்கப்பட்டன.